நாலாம் நம்பர் குதிரை

கதிர்,

போன மாதம் நீ ஊருக்கு வந்துவிட்டுக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டில் உன்னை இறக்கிவிட்டபோது ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா அவ்ளோ பேசினாங்க. நீங்க ஒரு வார்த்தகூடப் பேசலையேப்பா, ஏன்?" நான் வாயைத் திறப்பதற்குள் சென்னை பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் ஏறினாய். ஜன்னலோரம் உட்கார்ந்தும் என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் போன் செய்தபோது வேலையைப் பற்றி மட்டும் பேசினாய். நானும் வெயிலைப் பற்றிப் பேசினேன். உன் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல என்னால் முடியாது. நடுவில் நீ ஏதாவது கேட்டுவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கயல்விழியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாக நீ சொன்னாய். உன் அம்மா உடனே சொன்னாள்: "பொண்ணு தங்கமான பொண்ணு, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ரேஸ் ஆடி, பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல வுட்ட மனுஷன் வீட்ல போயி சம்பந்தம் வெச்சா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயலின் அப்பா தாமோதரன் குதிரை ரேஸில் பணத்தை விட்டவன் என்பது அவன் இருக்கிற அடி அண்ணாமலையிலும் நம் தெருவிலும் எல்லோருக்கும் தெரியும். அவனை ரேஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது யார் என்பது ஒருவருக்கும் தெரியாது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

உனக்கு அப்போது மூன்று வயது. நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். தீபத் திருவிழாவை ஒட்டி நடக்கும் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் வரும் அல்லவா, அங்கே எங்களுக்கு டியூட்டி போடுவார்கள். அப்படி ஒரு வருஷம் பெங்களூர் லாயம் ஒன்றில் வேலை பார்த்த ஆள் ஒருவர் பழக்கமானார். குதிரையின் நடையைப் பார்த்து எந்தக் காலில் வலி என்று நான் சொன்னது அவருக்குப் பிடித்துப்போனது. போகும்போது, தான் படித்து முடித்த ரேஸ் புத்தகங்கள் சிலவற்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு குதிரையும் இதுவரை எத்தனை பந்தயம் ஓடியது, எவ்வளவு தூரம், எத்தனை கிலோ சுமந்தது, எத்தனையாவதாக வந்தது, யார் ஜாக்கி, தரை ஈரமா உலர்ந்ததா என்று பொடி எழுத்தில் எல்லாம் அதில் இருந்தது. சீட்டாட்டம் கூட ஆடாதவன் நான். ஆனால் அந்தப் புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஜெயித்த குதிரைக்கு அடுத்த தடவை எடையைக் கூட்டுவார்கள், தோற்றதற்குக் குறைப்பார்கள். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பது எடை போடுகிறவரின் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பந்தயம் கட்டுகிறவனின் வேலை. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கியது போல இருந்தது. முன்னூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் குதிரை குதிரையாக எழுதத் தொடங்கினேன். வேலூரில் மீட்டிங் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு நாலைந்து முறை பெங்களூர் போய் வந்தேன். சின்னத் தொகைதான் கட்டுவேன். கொஞ்சம் போகும், கொஞ்சம் வரும். எனக்குப் பணத்தைவிட, நான் நினைத்த குதிரை வந்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். அதற்கு எனக்குக் கிடைத்தவன் தாமு.

தாமுவும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அப்போது அவன் வேறொருவரின் ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஆசிரமத்துக்கு எதிரே சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நான் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்து நோட்டைப் பிரிப்பேன். அவன் அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் கேட்பான். "உனக்குப் போயி இந்த டாக்டருங்க கீழ வேல கொடுத்து வெச்சிருக்கானுங்களே, உன் மூளைக்கு நீ எங்கியோ இருக்க வேண்டியவன்பா" என்பான். உன் தாத்தாவோ, என் மேலதிகாரியோ, உன் அம்மாவோ என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பேச்சுக்காகவே நான் போனேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம். பெங்களூரில் மழைக்காலப் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு பந்தயத்தில் நாலாம் நம்பர் குதிரையை நான் மூன்று வாரமாகப் பின்தொடர்ந்திருந்தேன். ஈரத் தரையில் இரண்டு முறை நன்றாக ஓடியது. உலர்ந்த தரையில் மூன்று முறை தோற்றதால் எடை வெகுவாகக் குறைந்திருந்தது. மழை பெய்தால் அதை யாரும் பிடிக்க முடியாது என்று தாமுவிடம் தினமும் சொன்னேன். "நானும் வர்றேன்" என்றான். விடியற்காலையில் செங்கம், கிருஷ்ணகிரி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். ஓசூர் நெருங்கும்போது தூறல் ஆரம்பித்தது. தாமு என் தொடையைத் தட்டிச் சிரித்தான். அப்புறம்தான் காதருகே குனிந்து சொன்னான்: "ஆட்டோவுக்கு முன்பணம் கட்ட சேத்து வெச்சிருந்தேன் இல்ல, அத்தக் கொண்டாந்துட்டேன். வசந்தாவுக்குத் தெரியாது."

நான் அங்கேயே "வேணாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவும் செய்தது. ஆனால் சொன்னால் என் கணக்கில் எனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமே. "பாத்துக்கலாம்" என்றேன்.

மைதானத்தில் முதல் நாலு பந்தயங்களில் நான் சொன்ன இரண்டு குதிரைகள் ஜெயித்தன. தாமு சின்னதாகத்தான் கட்டினான், ஆனாலும் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆட்களிடம் எல்லாம் "இவரு சொன்னா தப்பாதுங்க" என்று என்னைக் காட்டினான். ஒரு பெரியவர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். நான் அதை இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தேன். அந்த நிமிஷம் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஐந்தாவது பந்தயம்தான் எங்களுடையது. தாமு முன்கூட்டியே பணம் கட்டும் ஜன்னல் வரிசையில் போய் நின்றுகொண்டான். ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளைக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்திக் காட்டும் இடம் ஒன்று உண்டு. நான் அங்கே போனேன். நாலாம் நம்பர் வந்தது. பளபளவென்று நல்ல உடம்பு. முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் அதன் தலையசைவு என் கண்ணில் பட்டது. இடது முன்னங்கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் தலை லேசாக மேலே எழும்பியது. மிகவும் லேசாகத்தான். மற்றவர்கள் அதைத் துள்ளல் என்று நினைத்திருப்பார்கள். மாட்டையும் குதிரையையும் நாள் முழுக்கப் பார்க்கிற எனக்குத் தெரியும், அது வலி. மூன்றாவது சுற்றும் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். தாமுவுக்கு முன்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். தூரம் என்று பார்த்தால் நம் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டு வாசல் வரைதான் இருக்கும். நடந்து போய் "கட்டாதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டமாக இருந்தது, கூப்பிட்டும் அவனுக்குக் கேட்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், கதிர். நான் கூப்பிடவே இல்லை. மூன்று வாரமாக அவன் முன்னால் கூட்டிக் கழித்துக் காட்டியதை எல்லாம் ஒரு நொடியில் தப்பு என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அவன் என்னைப் பார்க்கிற அந்தப் பார்வை போய்விடும் என்று பயந்தேன். ஒருவேளை வலியோடேயே ஓடி ஜெயித்துவிட்டால் என்னும் நினைப்பும் ஓரத்தில் இருந்தது. ஆனால் அந்த நினைப்பு எனக்கே பொய் என்று தெரிந்ததால்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன். அவன் கண்ணில் படாத இன்னொரு ஜன்னலுக்குப் போய், என்னிடமிருந்ததை எல்லாம் ஏழாம் நம்பர் குதிரையில் கட்டினேன்.

ஏழாம் நம்பர் ஒரு கழுத்து நீளத்தில் ஜெயித்தது. நாலாம் நம்பர் பாதி தூரம் வரை முன்னால் இருந்துவிட்டு, வளைவில் தளர்ந்து கடைசிக்கு முந்தையதாக வந்தது. என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தாமு கையிலிருந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உனக்கும் போச்சா?" என்றான்.

"போச்சு" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். என் வாழ்க்கையில் நான் சொன்ன மற்ற எல்லாப் பொய்களையும் ஒரு பக்கம் வைத்தாலும் இந்தச் சொல்தான் கனமாக இருக்கும். அதைக் கேட்டதும் தாமு என் தோளில் கை போட்டான். "வுடுபா. கணக்கு சரிதான், குதிர சரியில்ல. நீ மனசு ஒடஞ்சிடாத" என்றான். தன் முன்பணம் முழுவதையும் இழந்தவன் எனக்கு ஆறுதல் சொன்னான். கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் நான் ஜெயித்த பணத்தை வாங்கிப் பனியனுக்குள் வைத்துக்கொண்டேன். திரும்புகிற வழியில் கிருஷ்ணகிரியில் பஸ் நின்றபோது சட்டைப்பையைத் தடவித் தடவி, இருந்த சில்லறையில் எனக்கு டீ வாங்கிக்கொடுத்ததும் அவன்தான். குடித்தேன்.

விஷயம் அவன் மனைவி வசந்தாவுக்கு நாலே நாளில் தெரிந்துவிட்டது. எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போளூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் குழந்தைதான் கயல். சமாதானம் பேசப் போனவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கவர்மெண்ட் உத்தியோகம், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, சின்ன வயதிலிருந்து சிநேகிதன், நீங்கள் சொன்னால் கேட்பான் என்றார்கள். போளூர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் நடுவில் தாமு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். நான் பேசினேன். "குடும்பஸ்தன் செய்யற காரியமாடா இது?" என்று கேட்டேன். என் குரல் கணீரென்று இருந்தது. அவன் மாமனார் நடுவில் புகுந்து, "மாப்ள, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. பெங்களூர் வழி உங்களுக்கு யாரு காட்டினது? யார் கூடப் போனீங்க?" என்று கேட்டார்.

தாமு தலையை நிமிர்த்தவில்லை. "தனியாத்தான் போனேன்" என்றான்.

என்னை அவன் ஏன் காப்பாற்ற நினைத்தான் தெரியுமா? தன்னைப் போலவே ஏமாந்துபோன ஒரு சிநேகிதனின் பேரும் வேலையும் கெட வேண்டாம் என்றுதான். ஆறு மாதம் கழித்து வசந்தா திரும்பி வந்தாள். சொந்த ஆட்டோ வாங்க அவனுக்கு மேலும் பல வருஷம் ஆனது. ஊரில் அவனுக்கு ரேஸ் தாமு என்று பேர் நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒரு லாட்டரிச் சீட்டைக்கூட அவன் தொட்டதில்லை என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் சம்பள அரியர்ஸ் வந்தது என்று உன் அம்மாவிடம் சொல்லிக் கலர் டிவி வாங்கினேன். நீ கார்ட்டூன் பார்த்து வளர்ந்த டிவி அது. கிரிக்கெட் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் தாமு வந்து உன்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டு அதில் மேட்ச் பார்ப்பான். அந்த வருஷமே நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். பெங்களூருக்கும் போகவில்லை. திருந்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ரேஸை விட்டது உண்மை. அன்றைக்குச் செய்ததை விடாமல் இருபத்தைந்து வருஷம் செய்துகொண்டே இருந்தேன் என்பதும் உண்மை. அவனை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் "போச்சு" என்றுதானே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன்?

நீ பஸ் ஏறிப் போன மறுநாள் காலை, உன் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை. நான் முடித்த பிறகு கேட்டாள்: "அப்ப அந்த டிவி அரியர்ஸ்ல வாங்கினது இல்லியா?" இல்லை என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காபி டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். "இருபத்தஞ்சு வருஷமா அந்த மனுஷன நான் வாசல்ல பாத்தாகூட மொகத்தத் திருப்பிக்குவேன். என்னையும் பாவத்துல கூட்டு சேத்துட்டீங்க" என்றாள். அப்புறம், "மொதல்ல அவருகிட்ட போயி சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் பொண்ணு கேக்கறது எல்லாம்" என்றாள். சம்மதம் சொன்னதும் இல்லை, மறுத்ததும் இல்லை. ஆனால் அவள் அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பௌர்ணமிக் கூட்டம் கலைந்து இரண்டு நாள் கழித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். தாமு வீட்டு முன்னால் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். கிரிவலச் சவாரி ஓட்டி ஓட்டிக் கண் சிவந்திருந்தது. "வாப்பா, இன்னா காலங்காத்தால? டீ குடிக்கிறியா?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நல்ல வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு நான் நாலாம் நம்பர்ல கட்டல. குதிரைக்குக் கால் வலின்னு எனக்குத் தெரிஞ்சுது. உன்கிட்ட சொல்லல. ஏழுல கட்டினேன். ஜெயிச்சேன்" என்றேன். அவன் துணியை வைத்து ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் லைன்ல நிக்கறப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தன பேரு இருந்தாங்க எனக்கு முன்னால?"

"பத்து, பன்னெண்டு பேரு."

துணியைப் பக்கெட்டில் போட்டான். கையை உதறிவிட்டு ஆட்டோவின் படியில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "அன்னிக்கே சொல்லியிருந்தா உன்ன அடிச்சிருப்பேன். அடிச்சிட்டு, ஒரு வாரம் கழிச்சு நானே வந்து பேசியிருப்பேன். இப்ப அடிக்கவும் முடியல. இந்த வயசுல உன்ன அடிச்சா நீ தாங்கமாட்ட." நான் அவன் பக்கத்தில் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். "பணம் போனது எனக்குப் பெருசில்லபா. போளூர்ல என்னப் பாத்துக் கேட்ட பாரு, குடும்பஸ்தன் செய்யற காரியமாடான்னு. அப்பகூட நான் நெனச்சேன், பாவம், இவனுக்கும் போச்சே, வீட்ல எப்பிடி சமாளிக்கிறானோன்னு."

மன்னிப்புக் கேட்டேன். அவன் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. உன் விஷயத்தை நான் எடுக்கவே இல்லை. அவனாகத்தான் எடுத்தான். "புள்ளைங்க விசயம் எனக்குத் தெரியும். கயலு சொல்லிச்சு. அது வேற, இது வேற. கதிரு நான் தூக்கி வளத்த புள்ள. அவன வேணாம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நீ கொஞ்ச நாளு என் கண்ணு முன்னால வராத." எழுந்து உள்ளே போய்விட்டான். வசந்தாவிடம் அன்றே அவன் சொல்லியிருக்க வேண்டும். மறுவாரம் வசந்தா நடத்துகிற கடைப்பக்கம் உன் அம்மா போனபோது இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று உன் அம்மா என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வந்ததும் காலண்டரை எடுத்து நிச்சயத்துக்கு நல்ல நாள் பார்த்தாள்.

நான் போய்ச் சொல்லி இருபத்தைந்து நாள் ஆகிறது. தாமு என்னிடம் பேசவில்லை. நேற்று தேரடி வீதியில் எதிரே ஆட்டோவில் வந்தான். வேகத்தைக் குறைத்தான். நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் அப்பனாக ஒன்று சொல்கிறேன். கயல் உன்னைக் கெட்டிக்காரன் என்று நினைப்பாள். நினைக்கத்தான் வேண்டும், நல்லதுதான். அவள் அப்படி நினைப்பதைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டும் ஒருநாளும் வாயை மூடிக்கொள்ளாதே. நான் சொன்னது தப்பு, நான் பார்த்தது தப்பு என்று அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே சொல்லிவிடு. சொன்னால் ஒரு மணி நேரம் மானம் போகும். அதற்குமேல் ஒன்றும் போகாது.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை நீ படித்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டாம். நிச்சயத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் கயலிடம் கொடு. அவள் அப்பாவைப் பற்றி ஊர் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்திருப்பாள். பள்ளிக்கூடத்தில்கூட யாராவது சொல்லிக் காட்டியிருப்பார்கள். தாமு அவளிடம் என் பேரைச் சொல்லியிருக்கமாட்டான், எனக்கு அவனைத் தெரியும். இதை அவள் என் கையெழுத்தில் படிக்க வேண்டும். படித்துவிட்டு இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னால் நீ அவளோடு சண்டை போடாதே, எனக்காகப் பரிந்து பேசாதே. வருகிறேன், ஆனால் உன் அப்பாவோடு பேசமாட்டேன் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம். என்னை நேரில் கேட்க வேண்டும் என்று நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வரச் சொல். கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா